எழுப்பியும் வராத கேப்டன்

மார்ச் 2

தம்பிக்கு,

நமக்குள் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் செய்தித்தாளில் உன் படத்தைப் பார்த்தேன். சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போகும் ஆறு போர்க்கப்பல்களுக்கு நீ தலைவனாம். தொப்பிதான் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, மற்றபடி பார்க்க நன்றாக இருந்தாய். சின்ன வயதில் உனக்கு வீட்டில் முந்திரிக்கொட்டை என்று பெயர். யாரைக் கேட்டாலும் நீ முந்திக்கொண்டு பதில் சொல்வாய். அந்தக் குணத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

கடற்படைப் பயிற்சிக் கல்லூரியில் பதினெட்டு வருடமாக வரலாறு நடத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். ஒரு புத்தகமாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போர்க்காலத் தளபதிகளை இரண்டிரண்டு பேராக நிறுத்தி ஒப்பிடுகிறேன். யார் எத்தனை கப்பலை மூழ்கடித்தார் என்பதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் கேட்பது வேறு. கீழே இருப்பவன் கெட்ட செய்தியோடு வந்து நின்றால் இவருடைய கதவு திறந்ததா?

கொரியாவின் யி சுன் சின் போர்த்திட்டம் போட ஒரு கூடம் வைத்திருந்தார். கடைநிலைச் சிப்பாயும் நேரம் காலம் பார்க்காமல் உள்ளே போய்ப் பேசலாம். அவரைப் பதவியிலிருந்து இறக்கியதும் அந்த இடத்துக்கு வந்த வோன் கியூன், அதே கூடத்தைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டாராம். அதிகாரிகளுக்குக்கூட முகம் காட்டவில்லை. ஒரே போரில் கப்பற்படையின் பெரும்பகுதி அழிந்தது. அடுத்த ஜோடி பிரிட்டனின் நெல்சனும் ஜெல்லிகோவும். நெல்சன் கேப்டன்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, மேசையிலேயே திட்டத்தை விளக்கினார். ஜெல்லிகோ புத்தகம் புத்தகமாக உத்தரவு எழுதினார். முதல் உலகப் போரில், ஜட்லாந்துக் கடற்போரின் இரவில் எதிரிக் கப்பல்கள் அவருடைய முதுகுக்குப் பின்னால் நழுவிப் போவதைச் சிலர் கண்ணாலேயே பார்த்தார்கள். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. விடிந்தபோது எதிரியைக் காணோம்.

கடைசி அத்தியாயத்தில் ஜோடி கிடையாது, பெயரும் கிடையாது. தலைப்பு, 'எழுப்பியும் வராத கேப்டன்'. அவரோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், போன போரில், காலை ஆறு மணி மூடுபனியில் உன் அத்தானின் கப்பல் நம்முடைய ரோந்துப் படகு ஒன்றின் மேலேயே ஏறியது. பதினாலு பேர் செத்தார்கள். கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜில் அப்போது பொறுப்பில் இருந்தவன் நீ. அங்கிருந்து கேப்டன் அறைக்குப் போகும் பேச்சுக்குழாய் வழியாக நீ எழுப்பியதாகவும், 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுத் தான் மறுபடி படுத்துக்கொண்டதாகவும் விசாரணையில் அவரே சொன்னார். வேலை போயிற்று. இப்போது நகராட்சி நீச்சல் குளத்தில் மேற்பார்வையாளர். கடலுக்குக் கேப்டனாக இருந்தவர் குளத்துக்குக் கேப்டன்.

எத்தனை முறை எழுப்பினாய், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார்? வார்த்தை மாறாமல் எழுது. ஏப்ரல் பத்தாம் தேதி புத்தகம் அச்சுக்குப் போகிறது.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

தொப்பி சரியான அளவுதான். கவலையில் என் தலைதான் சின்னதாகிவிட்டது.

உன் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. படித்து முடித்ததும் அது போய்விட்டது. நாம் ஏன் பேச்சை நிறுத்தினோம் என்று நீ எழுதவில்லை, நான் எழுதுகிறேன். உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நீ அத்தானைப் பார்த்து, 'பதினாலு பேரைத் தூங்கியே கொன்ன மனுஷன்' என்றாய். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனேன். அந்த வார்த்தையை இப்போது அச்சில் ஏற்றப் போகிறாய். வேண்டாம் அக்கா. யி சுன் சின்னோடு புத்தகத்தை முடித்துவிடு. அவர் செத்து நானூறு வருடம் ஆகிறது, அவருக்கு நோகாது. வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு நோகும்.

இன்னொன்று. ஜெல்லிகோவைப் பற்றி நீ எழுதியிருப்பது அநியாயம். அவர் எந்தக் கதவையும் சாத்தவில்லை. அன்றைக்கு உடையைக்கூட மாற்றாமல் பிரிட்ஜுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் சாய்ந்திருந்தார். பார்த்தவர்கள் ஏன் சொல்லவில்லை? அவருக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். அவரிடம் பயமா? சாதாரண மாலுமிக்கும் அவர் மேல் உயிர் என்று நீயே எங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறாய். பிரியமான மனுஷனைத்தான் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். சொல்லாதவன் செய்த தப்பைக் கொண்டுபோய், கேள்விப்படாதவன் தலையில் கட்டாதே. தளபதிகளை ஒப்பிடுகிறாயே, அவர்களுக்குக் கீழே நின்றவர்களை எப்போதாவது ஒப்பிட்டுப் பார்த்தாயா?

கோபமாக எழுதிவிட்டேன். இங்கே வேலை அதிகம். இன்னும் ஒரு மாதத்தில் புறப்படுகிறோம். என் கப்பலில் மட்டும் இருநூற்றுப் பத்து பேர். வெளியே போகும் கடிதங்களை எல்லாம் கேப்டன் படித்து முத்திரை வைக்க வேண்டும். இந்தக் கப்பலில் அந்தக் கேப்டன் நான்தான் என்பதால் உனக்கு மட்டும் தாராளமாக எழுத முடிகிறது.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

நான் கேட்டது மூன்று கேள்வி. நீ ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. கேட்காத ஜெல்லிகோவுக்கு வக்கீலாகி ஒரு பக்கம் வாதாடியிருக்கிறாய். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். முந்திரிக்கொட்டை ஒரு விஷயத்தை மென்று முழுங்குகிறான் என்றால், அந்த விஷயத்தைத் தேடாமல் விட எனக்குப் பைத்தியமா?

தேடினேன். அத்தானின் பழைய கப்பலை உடைத்தபோது அதன் தஸ்தாவேஜுகளை எல்லாம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று அட்டைப் பெட்டி, பிரித்தால் டீசல் நாற்றம். நூலகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். முதலில் கேப்டனின் உத்தரவுப் புத்தகம். பொறுப்பு ஏற்கும் அதிகாரி ஒவ்வொருவரும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். உன் அத்தானின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'சந்தேகம் வந்தால் என்னை எழுப்பு. வந்தது சந்தேகம்தானா என்று சந்தேகம் வந்தாலும் எழுப்பு.' அதற்குக் கீழே உன் கையெழுத்து. வாலை நீட்டிப் போட்டிருக்கிறாய்.

அடுத்து, நடந்ததை நேரத்தோடு குறித்து வைக்கும் லாக் புத்தகம். 5.50க்கு மூடுபனி என்று நீ எழுதியிருக்கிறாய். 6.01க்கு மோதல். நடுவில் பதினோரு நிமிடம். 'கேப்டனுக்குத் தெரிவித்த நேரம்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது.

மூன்றாவது, சுக்கான் பிடித்திருந்தவரின் வாக்குமூலம். பொறுமையான மனுஷன். அந்தப் பதினோரு நிமிடத்தில் உன் வாயிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் ஒப்பித்திருக்கிறார். வேகத்தைக் குறைக்கச் சொன்னாய். ரேடாரில் தெரியும் புள்ளி நம் கூட்டத்தில் பின்தங்கிய சரக்குக் கப்பல்தான் என்றாய். டீ ஆறிவிட்டது என்றாய். பேச்சுக்குழாயின் வாய் அவருடைய தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீ அதில் பேசியதாக ஒரு வரி இல்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. கேப்டனே குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு எதற்குக் கேட்பார்கள்?

இப்போது ஒரே கேள்வி. அவரை எழுப்பினாயா?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

எழுப்பினேன். இரண்டு தடவை. குழாயில் கூப்பிட்டேன். 'வர்றேன்' என்றார். லாக்கில் குறிக்க மறந்துவிட்டேன். அந்த நேரத்தில் கட்டம் பார்த்து நிரப்பிக்கொண்டிருக்க அது பரீட்சைத்தாள் இல்லை. சுக்கான்காரருக்கு ஞாபகம் தவறியிருக்கும்.

பெட்டியை மூடிவிட்டு நூலகரிடம் சாவியைக் கொடு. காகிதத்தில் தேடினால் காகிதம்தான் கிடைக்கும். மேற்கொண்டு ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்து அறையில் இருக்கும் உன் வீட்டுக்காரரைக் கேள்.

தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

கேட்டேன். பக்கத்து அறையில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறு வருடமாக அந்தக் கதவைத் தாண்டி, 'சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்', 'ம்', அதற்கு மேல் எதுவும் போனதில்லை. அதனால் நீச்சல் குளத்துக்குப் போனேன்.

மதியம், கூட்டம் இல்லை. கழுத்தில் விசிலோடு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதுகு நேராகத்தான் இருந்தது. கப்பலில் அவருக்கு ஆந்தை என்று பெயர் வைத்திருந்தீர்களே, இப்போதும் அதே கண்தான். என்னைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்து இறங்கி வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அவன் உங்களை ரெண்டு தடவை எழுப்பினேன்னு எழுதியிருக்கான்."

தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ரெண்டு தடவையா? அப்ப ரெண்டு தடவைதான்."

விசாரணையில் ஒரு தடவை என்று சொன்னவர் அவர். அச்சடித்த பக்கம் என் பையிலேயே இருந்தது. எத்தனையோ சாட்சிகளைப் படித்திருக்கிறேன், இத்தனை சுலபமாகத் தன் தலையை நீட்டிக் கொடுத்த சாட்சியைப் பார்த்ததில்லை. நீ பத்து என்று எழுதியிருந்தால் அவரும் பத்து என்றிருப்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள். ஒருவர் மறைத்தால் கோபம் வரும். இரண்டு பேரும் சேர்ந்து மறைத்தால் பயம் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. ஆறு வருடமாக ஒருவரை வெறுத்துக்கொண்டிருக்கிறேன். தட்டு வைக்கும் சத்தத்திலேயே அவருக்கு அது தெரியும்படி வெறுத்திருக்கிறேன். அந்த வெறுப்புக்கு அவர் உரியவர் இல்லை என்றால் நான் யார்?

பத்தாம் தேதி வரைதான் நேரம். நீ உண்மையை எழுதாவிட்டால் அந்த அத்தியாயம் இருக்கிறபடியே அச்சாகும். அவரைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அப்படி நடக்க நீ விடுகிறாய் என்று அர்த்தம்.

அக்கா


ஏப்ரல் 1

அக்காவுக்கு,

அவரை நான் எழுப்பவில்லை.

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த ஒரு வரியை எழுதினேன். மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பயணத்தில் அவர் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் படுக்கவே இல்லை. மூன்றாம் நாள் விடிகாலையில்தான் அறைக்குப் போனார். நான் பொறுப்பு ஏற்கும் முன்னால் ஏதோ கேட்கப் போனேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் குறுக்காக விழுந்து கிடந்தார். தலைமாட்டில் பேச்சுக்குழாய். அந்தப் பழைய கப்பலில் பிரிட்ஜில் யார் இருமினாலும் அது அவர் காதில் இருமும். என் தோளில் முகம் துடைக்கிற துண்டு இருந்தது. அதைச் சுருட்டிக் குழாய்க்குள் அடைத்தேன். கதவை மெல்லச் சாத்திவிட்டு மேலே போனேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு போனேன் அக்கா. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தாங்கவில்லை.

பனி இறங்கியபோது குழாயில் கூப்பிட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். ஆளை அனுப்பியிருக்கலாம். இரண்டு ஏணி இறங்கினால் அவர் அறை. இன்னும் பத்து நிமிடம் தூங்கட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். அந்தப் புள்ளி பின்தங்கிய சரக்குக் கப்பல் என்பதில் எனக்குக் கொஞ்சம்கூடச் சந்தேகம் வரவில்லை. முந்திரிக்கொட்டைக்கு எப்போது சந்தேகம் வந்திருக்கிறது? படகின் விளக்கு பனிக்குள் தெரிந்தபோது அது எங்கள் மூக்குக்கு நேர் கீழே இருந்தது.

மோதிய அதிர்ச்சியில்தான் அவர் எழுந்தார். குழாயிலிருந்து துண்டை உருவினார். எங்கள் துணிகளில் சலவைக்காக எண் தைத்திருக்கும். என் எண்ணைப் பார்த்திருக்கிறார். அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர், தண்ணீரில் கிடந்தவர்களை ஏற்றி முடிக்கும்வரை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் பாதி உண்மையைச் சொன்னால் நீ மீதியைத் தோண்டாமல் விடமாட்டாய். அந்தப் பயணத்துக்குப் புறப்படும் முன்பு உன்னிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நீ எழுதியதை அப்படியே தருகிறேன்: 'போன தடவை வந்தபோது உன் அத்தான் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். இப்படியே போனால் ஆள் மிஞ்சமாட்டார். எல்லாவற்றுக்கும் எழுப்பு என்றுதான் அவர் சொல்வார். நீ எழுப்பாதே. கூடப்பிறந்தவன் கூட இருக்கிறாய் என்ற தைரியத்தில் கேட்கிறேன். அவரைக் கொஞ்சம் தூங்க விடு.'

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. உத்தரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். ஆனால் ஜெல்லிகோவுக்காக நான் ஏன் அத்தனை கோபப்பட்டேன் என்று இப்போது உனக்குப் புரியும். அவருடைய ஆட்கள் எதனால் சொல்லவில்லையோ, எனக்குத் தெரியாது. நான் எதனால் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

இப்போது என் கப்பலில் நான் சற்றுப் படுத்தால், வெளியே என் அதிகாரிகள் மெதுவாக நடப்பது கேட்கிறது. எழுந்து போய்க் கதவைத் திறந்து வைக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

அந்தக் கடிதம் நான் எழுதியதுதான். ஞாபகம் இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஞாபகம் இருக்கிறது. இதோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான். மூன்று பெட்டியைக் கிளறினேன், நான் எழுதியது அங்கே இருக்காது அல்லவா?

அவருக்கு அந்தக் கடிதம் பற்றித் தெரியுமா? தெரியும் என்றோ தெரியாது என்றோ மட்டும் எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

தெரியும்.

விசாரணை நடந்த அன்று காலை, அறைக்கு வெளியே நீளமான மரப் பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றாவது அவருக்குத் தெரியட்டும் என்று உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். மடித்து என் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார்.

"இதுல அவ என்ன கேட்டிருக்கா? நான் தூங்கணும்னு கேட்டிருக்கா. இதுக்காக ஆயுசு பூரா அவ பதினாலு பேரைச் சுமக்கணுமா? நீ வாயைத் திறக்காதே. இதை அவளுக்கு ஞாபகப்படுத்தவும் செய்யாதே."

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் சொல்லி முடித்த பிறகு எனக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. வேலை போனதுகூட அவருக்குப் பெரிதில்லை அக்கா. நீ வெறுப்பாய் என்று தெரிந்தே செய்தார். அவர் காப்பாற்றியது உன்னை. மழைக்கு ஒதுங்குகிறவன்போல நானும் அதே கூரைக்குக் கீழே ஒதுங்கினேன். மழை விட்ட பிறகும் ஆறு வருடம் அங்கேயே குடியிருந்து, பதவி உயர்வும் வாங்கிக்கொண்டேன்.

இனிமேல் முடியாது. நேற்று முன்தினம் தலைமையகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். துண்டு முதல் டீ வரை எல்லாம். படித்த அதிகாரி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேற்று கப்பலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இன்று காலை ஆறு கப்பலும் புறப்பட்டன. எனக்கு அடுத்த நிலையில் இருந்தவர்தான் தலைவராகப் போகிறார். நல்லவர், ஆனால் இது அவருக்கு முதல் போர். போகும்முன் அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "உங்க மேல பிரியமா இருக்கறவனைத்தான் முதல்ல சந்தேகப்படுங்க." நான் ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். கரையில் நின்று பார்த்தேன். இருநூற்றுப் பத்து பேரில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விஷயம் அதற்குள் பரவிவிட்டது.

இப்போது துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு விடுதியில் இருக்கிறேன். இரும்புக் கட்டில், ஒரு நாற்காலி, கதவுக்கு வெளியே ஒரு காவலர். பதினாறாம் தேதி மறு விசாரணை. இறந்த பதினாலு பேரின் வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். யாராவது சொல்லித்தான் அப்படிச் செய்தாயா என்று கேட்டார்கள். என் சொந்த யோசனை என்று சொன்னேன். உன் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் காட்டினால் தண்டனை குறையலாம் என்று எனக்குக் கொடுத்திருக்கும் வக்கீல் சொல்கிறார், யார் எழுதியது என்று தெரியாமலே. பதினைந்தாம் தேதி அதைக் கிழித்துவிடுவேன். நீ எதையும் எழுதவில்லை, எனக்கு எதுவும் வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

கிழிக்க வேண்டுமானால் கிழித்துக்கொள். எனக்கு அது மனப்பாடம். பதினாறாம் தேதி அந்த அறையில் நின்று ஒரு வரி விடாமல் சொல்லப் போகிறேன். ஒருவர் காப்பாற்றிய அழகைப் பார்த்துவிட்டேன், இன்னொருவரும் அதையே ஆரம்பிக்க வேண்டாம்.

புத்தகத்தை அச்சகத்திலிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். கடைசி அத்தியாயம் குப்பைக்குப் போனது. ஜெல்லிகோவைப் பற்றி நீ சொன்னது சரி, அதையும் மாற்றி எழுத வேண்டும். பதினெட்டு வருடமாகக் கதவுகளை ஒப்பிட்டிருக்கிறேன், கதவுக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் எதற்காகத் தட்டவில்லை என்று கேட்கவே இல்லை. வரலாறு நடத்துகிறவள் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "அவனுக்கு வாய் நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆறு வருஷம் நின்னதே பெருசு" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. நான் என்ன தாங்குவேன், எதைத் தாங்கமாட்டேன் என்று நீங்களே எப்படி முடிவு செய்தீர்கள் என்று கத்தினேன். கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் கதவைத் திறந்து வைத்த மனுஷன், வீட்டில் எனக்கு மட்டும் வேலி போட்டுவிட்டீர்களே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் அழுதுவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஆறு வருடத்துக்கு எப்படிக் கேட்பது, ஒவ்வொரு நாளாகவா கேட்க முடியும்? பரவாயில்லை என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னதே எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

விசாரணைக்குப் போகிறேன் என்றதும் கூடவே கூடாது என்றார். இரண்டு நாள் அதே பேச்சு. அந்தப் பதினாலு பேரின் வீட்டார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். 'அவரைத் தூங்க விடு' என்று எழுதியவள் நான்தான் என்று அவர்களுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நினைத்தாலே பயமாக இருக்கிறது, உன்னிடம் மறைப்பதற்கென்ன. ஆனால் இதைச் சொல்லாமல் இனிமேல் அவருக்கு எதிரே உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியாது.

இன்று காலை குளத்துக்குக் கிளம்பியவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எந்த வண்டி என்று கேட்டார். பதினைந்தாம் தேதி ஆறேகால் வண்டி, ஒரு டிக்கெட்தான் எடுத்திருக்கிறேன் என்றேன். இன்னொன்று எடுக்கச் சொன்னார். படி இறங்கிப் போனவர் பாதியில் நின்றார்.

"அவங்க முன்னாடி நீ தனியா நிக்க வேண்டாம். ஒரு பக்கம் நான் நிக்கறேன், இன்னொரு பக்கம் அவன் நிக்கட்டும். நீ நடுவுல நில்லு."

அக்கா